செம்பனைப் பூவில் சோம்பு வாசம்: தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரந்தாவ், சிலியாவ், லாபு, போர்ட்டிக்சன், தம்பின், பகாவ், ஜெலுபு பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் குலை அறுத்தும் உதிரிப்பழம் பொறுக்கியும் ஓய்ந்த அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும், இன்னும் நிரையில் நிற்கும் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

காடு, பறவை, பூச்சி என்று நான் பேச்செடுத்தாலே உங்களில் பலர் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "அதெல்லாம் பிள்ளைங்க இஸ்கூல்ல படிக்கிறதும்மா. எங்களுக்கு என்னா தெரியும்? ரப்பர் காட்டுலயே காலத்த ஓட்டிட்டோம்." ரப்பர் காட்டிலேயே காலத்தை ஓட்டியவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்கு அம்மா தெரியும்? விடியற்காலை ஐந்து மணி இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரநாயும் மலைப்பாம்பும் நடமாடும் தீம்பாருக்குள் முப்பது நாற்பது வருடம் நடந்தவர்கள் நீங்கள். காட்டுயிர் பற்றிப் பட்டம் வாங்கியவர்களில் பலர் அத்தனை நேரம் வெளியில் நின்றிருக்க மாட்டார்கள்.

உங்கள் பதிலை மறுக்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம். வெயில் தாழ்ந்தபின் உட்கார்ந்து படியுங்கள். கண் மங்கியவர்களுக்கு யாராவது படித்துக் காட்டட்டும்.

முதலில் செம்பனை. 1981க்கு முன்னால் செம்பனைத் தோட்டத்தில் இருந்த பெண்களுக்கு ஒரு வேலை நினைவிருக்கும். ஆண்பூக் கதிரிலிருந்து மகரந்தத் தூளைத் தட்டிச் சேர்த்து, டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் மேல் ஊதிவிட வேண்டும். பெண்பூ ஏற்கிற நாள் மிகக் குறைவு. அந்த நாள் தவறினால் குலை சொத்தையாகிவிடும் என்பதால் அதே நிரையைத் திரும்பத் திரும்பச் சுற்றவேண்டும். செம்பனைக்கு மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று அந்தக் காலத்தில் துரைமாரும் நம்பினார்கள், புத்தகங்களும் சொல்லின. இந்த நாட்டில் காற்று போதவில்லை, எனவே ஆள் வைத்து ஊதவேண்டும் என்பது கணக்கு.

ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் அந்தக் கணக்கைச் சந்தேகப்பட்டார். செம்பனையின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே யாரும் தூள் ஊதுவதில்லை, குலையோ நிறையக் காய்க்கிறது. கேமரூனுக்குப் போய்ப் பூவோடு பூவாக உட்கார்ந்து பார்த்தபோது பதில் அங்கேயே ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன வண்டு. சோதனைகள் முடித்து 1981இல் அதை ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முதன்முதலாக விட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் தீபகற்பம் முழுக்க அது பரவி, ஊதுகிற வேலையே இல்லாமல் போயிற்று.

இதை நீங்களே பார்க்கலாம், காசு வேண்டாம். விரிந்த ஆண்பூ இருக்கும் இளமரத்தடியில் காலை பத்து மணிவாக்கில் போய் நில்லுங்கள். கோழிக்கறி தாளிக்கையில் எழும் அதே சோம்பு வாசம் குப்பென்று அடிக்கும். கதிரை விரலால் தட்டினால் உள்ளங்கையில் பழுப்பு வண்டுகள் உதிரும், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். மூக்கு மட்டும் முன்னால் நீண்டிருக்கும், அரிசிமூட்டையில் வருமே, அந்த வண்டுக்கு இது சொந்தக்காரன். ஆண்பூதான் அதற்குச் சோறும் வீடும். முட்டையிடுவதும் அதில்தான், புழு தின்று வளர்வதும் வாடிய அதே கதிரில்தான். பெண்பூவிடம் வண்டுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அதுவும் அதே சோம்பு வாசத்தை விடுகிறது. வண்டு ஏமாந்து போய் இறங்கி, நாலு சுற்று சுற்றி, ஒன்றும் இல்லையென்று தெரிந்து கிளம்புகிறது. அதன் உடம்பில் ஒட்டியிருந்த தூள் அங்கே தங்கிவிடுகிறது. குலை காய்க்கிறது. மலேசியாவின் எண்ணெய்ப் பணம் இந்த ஏமாற்று வேலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் மிகையில்லை.

தூள் ஊதும் வேலை பார்த்த பெண்களிடம் ஒரு நாள் பிரட்டில் "இனி வேணாம், வேற வேலைக்குப் போங்க" என்று சொல்லியிருப்பார்கள். ஏன் வேண்டாம் என்று எத்தனை பேரிடம் சொன்னார்கள்? தோட்டம் நம்மவர்களுக்கு எப்படி என்பதை நன்றாகவே கற்றுக்கொடுத்தது. எந்தச் சாய்வில் கோடு இழுப்பது, எத்தனை உதிரி விழுந்தால் குலை பழுத்தது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஏன் என்பதை மட்டும் அது ஆபீசிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டது. இந்த வயதில் புத்தகப்பையைத் தூக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்களிடமிருந்து பிடித்துவைத்த அந்த ஏனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு இருவரைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்புபிடிக்கும் இருளர் பழங்குடியினர் வடிவேல் கோபாலும் மாசி சடையனும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் இல்லை. பாம்பின் தடத்தையும் சட்டையையும் எச்சத்தையும் பார்த்தே அது எந்தப் பொந்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெளியிலிருந்து வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் அங்குள்ள ஆய்வாளர்கள் திணறியபோது, 2017இல் இந்த இருவரையும் வரவழைத்தார்கள். கருவியும் வேட்டைநாயும் வைத்திருந்தவர்களுக்கு எப்படித் தேடுவது என்று இவர்கள் காட்டினார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததைக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

உதிரிப்பழம் பொறுக்கியவர்களுக்குத் தனியாக ஒரு சேதி வைத்திருக்கிறேன். ஜெலுபு மாவட்டத்தில் சிம்பாங் பெர்தாங் தாண்டிப் பாசோ என்றொரு வனக்காப்பகம் இருக்கிறது. உலகத்து மழைக்காட்டு ஆய்வாளர்கள் பலர் அந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். நம் ஆட்களோ அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தும் அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. மலேசிய வன ஆய்வுக் கழகமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து 1985 முதல் அங்கே 50 ஹெக்டேரை அளந்து வைத்திருக்கின்றன. சுண்டுவிரல் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் குத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளப்பார்கள். மரங்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். வகைகள் எண்ணூறுக்கும் மேல். நம்மை இங்கே கொண்டுவந்த துரைமாரின் நாடு முழுக்கத் தேடினாலும் இயல்பாக வளரும் மரவகை நூறைத் தொடாது.

அந்தக் காட்டை மூன்று பக்கம் செம்பனை வளைத்திருக்கிறது. காட்டுப்பன்றிக்கு உதிரிப்பழம் என்றால் உயிர் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் மரத்தடி மண்ணெல்லாம் உழுது கிடக்கும். வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பன்றி எங்கே போகிறது? காட்டுக்குள். குட்டி போடும் காலம் வந்ததும் தாய்ப்பன்றி கன்றுமரங்களைப் பல்லால் கடித்து முறித்து, பிடுங்கி, குவித்து மெத்தை கட்டிக்கொள்கிறது. ஒரு மெத்தைக்கு நூற்றுக்கணக்கில் கன்றுகள் போகும். வேட்டைக்குப் போன அண்ணன்மார் பார்த்திருப்பீர்கள். 2017இல் வெளிவந்த ஆய்வொன்று பாசோவின் இருபத்துநான்கு ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. செம்பனை காய்க்கிற காலத்தில் பன்றித்தொகை நூறு மடங்குவரை ஏறியிருக்கிறது. தோட்டத்து எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் உள்ளே, யாரும் கோடரி வைக்காத காட்டில், கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு சரிந்திருக்கிறது.

உதிரியைப் பொறுக்காமல் விட்டால் மண்டோர் ஏசுவார். எண்ணெய் அதிகம் இருப்பது உதிரியில்தான், அதனால் ஏசினார். அதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் ஓடியிருக்கிறது. அது மண்டோருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீங்கள் சாக்கில் அள்ளிய ஒவ்வொரு பழமும் பன்றி வயிற்றுக்குப் போகாத பழம். பன்றியை அடித்துத் தின்ன ஒரு காலத்தில் புலி இருந்தது. இப்போது நாடு முழுவதும் சேர்த்து 150க்கும் குறைவான புலிகளே என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே செம்பனை மரத்தடியில் குனிந்து நிமிர்ந்த ஒரு பெண்ணுக்கும் காட்டுக்குள் முளைக்கும் மெராந்திக் கன்றுக்கும் உறவு உண்டு. இந்த உறவைப் படிப்பதற்குத்தான் சூழலியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

மெராந்தி என்றதும் இன்னொன்று. லயத்துக்குப் பின்னால் மிளகாய் வைத்த எல்லாருக்கும் இலைப்பேன் எதிரி. இலை சுருண்டு, செடி குறுகி, சாம்பல் தூவினாலும் போகாது. அதே இலைப்பேன் கூட்டத்தைச் சேர்ந்த பூச்சிகள்தான் மெராந்தி வகைகள் சிலவற்றுக்கு மகரந்தம் சுமக்கின்றன என்று பாசோவில் கண்டு சொன்னவர் நம் நாட்டு வன ஆய்வாளர் எஸ். அப்பண்ணா. அவருடைய கட்டுரையும் 1981இல் வந்ததுதான். மெராந்தி ஆண்டுதோறும் பூக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒட்டுமொத்தமாகப் பூக்கும். அத்தனை பூவுக்கும் திடீரென்று வேலையாட்கள் வேண்டுமே! கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்தப் பூச்சி சில வாரங்களில் கோடிக்கணக்கில் பெருகி அந்த வேலையை முடித்துவிடுகிறது. மிளகாய்ச் செடியில் அதைத் திட்டிக்கொண்டே இருங்கள், தப்பில்லை.

ஆந்தைக்கு வருகிறேன். வெள்ளை முகத்துக் கூகை வீட்டுக்கூரையில் அலறினால் சாவு வரும் என்று கதவைச் சாத்தியவர்கள் நம்மில் நிறைய. 1980களிலிருந்து தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்தார்களே, அது அதே கூகைக்குத்தான். செம்பனையில் எலி பெருகியது, எலியைத் தேடிக் கூகை வந்தது. ஒரு ஜோடி குஞ்சு பொரித்தால் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைப் பிடித்துவிடும். கடுமையான புது எலிமருந்துகளைத் தூவிய இடங்களில் மருந்து தின்ற எலியைப் பிடித்த கூகைகளும் செத்தன. மருந்து அடித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து நகம் கறுத்துப்போன பெண்கள் எத்தனை பேர்! இந்த நாட்டில் அதைத் தடைசெய்ய 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூகைப் பெட்டிக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை வாய்வழியே உருட்டித் துப்பியது அது. கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்து, பழைய மங்கில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, தையல் ஊசியால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். சாம்பல்நிற முடி கரைந்து போகும். உள்ளே மண்டையோடு முழுசாக இருக்கும், சில நேரம் இரண்டு. முன்பற்கள் மட்டும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம், எலிக்கு அப்படித்தான். விலா எலும்பு மீன்முள் அளவு. தாடையை ஊசிமுனையில் தூக்கிப் பார்த்துவிட்டு "அட, இவ்ளோ சாப்புடுதா!" என்று வாய்பிளந்த எழுபது வயதுப் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பேரன்மார் அருவருப்பில் தள்ளி நின்றார்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு நன்றாக இருக்கும், வயிற்றுக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். புக்கிட் பெலண்டோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் தொடங்கிய காய்ச்சல், பன்றி ஏற்றிய லாரிகளோடு நம் மாநிலத்துப் புக்கிட் பெலண்டோக்குக்கும் வந்தது. பன்றிப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், நம்மவர்களும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்று முதலில் முடிவுகட்டி, ஊரெல்லாம் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. கொசு என்றால் வீட்டிலிருக்கும் குழந்தைகளையும் கடித்திருக்குமே, பன்றியைத் தொட்டுப் புழங்கிய பெரியவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? கவனித்துப் பார்த்தவர்கள் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி இதுதான், மருத்துவர்கள் சிலர் எழுப்பவும் செய்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்று புதைத்தார்கள்.

கிருமி வந்த வழி பின்னால்தான் தெரிந்தது. பெரிய பழந்தின்னி வௌவால்கள் அதை நோய் இல்லாமலே சுமக்கின்றன. தொடக்கத்தில் நோய் கண்ட பண்ணையில் பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட மிச்சத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. கொட்டகைப் பக்கத்தில் மாமரம் நிற்கிறது, அதில் இரவில் வௌவால் இறங்குகிறது என்பது அங்கே கூலி வேலை பார்த்த யாருக்கும் தெரிந்த சங்கதி. அதைக் கேட்க ஆளில்லை, சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. இதைப் படித்துவிட்டு வௌவாலை அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். டுரியான் பூவுக்கும் பெத்தாய்ப் பூவுக்கும் இரவில் மகரந்தம் மாற்றுவது வௌவால் சாதிதான். வௌவால் தின்ற பழத்தைத் தொடாதே, பன்றிக்கொட்டகைமேல் பழமரத்தைச் சாயவிடாதே என்பதே பாடம்.

கோயில் தலைவர்மாருக்கு ஒரு வார்த்தை. முனீஸ்வரர் நிற்கும் ஆலமரத்தைச் சுற்றி வேர் தெரியாமல் சிமெண்டு போட்டு ஓடு பதிப்பதை நிறுத்துங்கள். செம்பனைக் கடலுக்கு நடுவில் பறவைக்கும் வௌவாலுக்கும் பழம் தரும் பெரிய மரம் பல தோட்டங்களில் அது ஒன்றுதான். சாமிக்கும் மண் பிடிக்கும்.

வருடத்தில் ஒரு நாள் எனக்குக் கொடுங்கள். போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சோற்றுப்பொட்டலம் கட்டிக்கொண்டு போகாத தோட்டக் குடும்பம் இந்த மாநிலத்தில் இல்லை. அதே கரையில், கலங்கரை விளக்கம் இருக்கும் தஞ்சோங் துவான் முனையை எத்தனை பேர் ஏறிப் பார்த்தீர்கள்? பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து பருந்துகள் நீரிணையைத் தாண்டி அந்த முனைக்குத்தான் வந்து சேர்கின்றன. கடல் அங்கே குறுகி நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பெரும்பாலானவை தேன்பருந்து, குளவிக்கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்து உள்ளிருக்கும் புழுவைத் தின்பவை. வெயிலில் சூடேறாத கடல்மேல் மேலெழும் சூட்டுக்காற்று கிடையாது. இறக்கை அடித்தே வரவேண்டும். களைத்துப்போய்த் தாழப் பறந்து கரையைத் தொட்டதும், சுட்ட நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறி, இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மேலே போய், வடக்கே சீனா, சைபீரியா பக்கம் போகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச்சில் அங்கே பருந்து பார்க்கும் நாள் நடத்துகிறது. வருகிறவர்களில் தமிழ் முகம் குறைவு, உங்கள் வயதுத் தமிழ் முகம் அதைவிடக் குறைவு.

மார்ச் முதல் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். விடியலிலேயே ஓடிவர வேண்டாம், பத்து மணிக்குமேல்தான் கூட்டம் வரத் தொடங்கும், மூன்று மணி வரைக்கும் வரும். தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு. முட்டி வலிப்பவர்கள் மேலே ஏற வேண்டியதில்லை, கீழே கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் தலைக்குமேல் போவது தெரியும். தொலைநோக்கி நான் கொண்டுவருகிறேன். பேரப்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், ஆனால் "நீ பாருடா கண்ணு" என்று அதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். முதலில் நீங்கள் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி,
சிரம்பான்